பிணம் இல்லாத அறையில் உங்கள் படை என்ன செய்யும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அடிதடி ஆர்.பி.ஜி. கேம்களில் (ஒரு பாத்திரத்தை எடுத்துச் சண்டை போட்டு வளர்க்கிற கேம்கள்) தானே முன்னுக்குப் போய் வாள் வீசாமல், ஓநாய், எலும்புக்கூடு, களிமண் பூதம் என்று எதையாவது அழைத்துச் சண்டைக்கு விடும் பாத்திரங்கள் எனக்கு ஏன் பிடிக்கும் என்று நாலைந்து வரி எழுதியிருந்தேன். அந்த நாலைந்து வரிக்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திருகோணமலை நகரத்துக்குள்ளே இருந்தும் வந்திருக்கிறது, கிண்ணியா, மூதூர் பக்கமிருந்தும் வந்திருக்கிறது. இந்த அழைத்த உருவங்களுக்கு நம்மிடம் ஏவல் என்று ஒரு பழைய சொல்லே உண்டு, ஆனால் கேள்வி அனுப்பிய எல்லோரும் 'பெட்' என்றே எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

*

கேள்வி: அண்ணா, டயாப்லோ 2இல் நெக்ரோமேன்சரை எடுப்பதா, ட்ரூயிட்டை எடுப்பதா? பெட் மட்டும் வைத்தே முடிக்க வேண்டும் என்று ஆசை. கேட்ட எல்லோரும் நெக்ரோமேன்சர் என்கிறார்கள், எனக்கு ஓநாய்கள்தான் பிடித்திருக்கின்றன. (உவர்மலையிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு வாசகர்)

பதில்: தம்பி, ஓநாய் பிடித்திருந்தால் ஓநாயையே எடுங்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஏன் எல்லோரும் பிணங்களை எழுப்புகிற மந்திரவாதியான நெக்ரோமேன்சரைச் சொல்கிறார்கள், சொல்லும்போது எதை விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

பெட் பில்ட்களை (பெட்டை நம்பிப் பாத்திரத்தை வளர்க்கிற வழிகளை) ஒப்பிடும்போது பெரும்பாலானோர் பார்க்கிற கணக்கு எத்தனை பெட், ஒரு அடிக்கு எவ்வளவு சேதம் என்பதுதான். நான் முதலில் பார்ப்பது வேறு. படை முழுவதும் செத்துப்போன நிமிஷத்தில் அதைத் திரும்ப எழுப்ப எனக்கு என்ன தேவைப்படுகிறது? மனா (மந்திரம் போடச் செலவாகிற சக்தி) மட்டும் போதுமா, பிணம் வேண்டுமா, இல்லாவிட்டால் நேரம் போகும்வரை ஓடி ஒளிந்துகொண்டிருக்க வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால் அந்த பில்ட் எங்கே சுகமாக இருக்கும், எங்கே காலை வாரும் என்று பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

நெக்ரோமேன்சரின் எலும்புக்கூட்டுக்குப் பிணம் வேண்டும். முதல் பிணத்தை நீங்களேதான் விழுத்த வேண்டும், அதிலிருந்து ஒன்றை எழுப்பினால் அது அடுத்ததை விழுத்தும், அப்படியே பெருகும். எழுப்பும் ஸ்கில்லில் (ஒரு பொயின்ட் போட்டால் ஒரு லெவல்) முதல் மூன்று லெவலுக்கும் ஒவ்வொரு எலும்புக்கூடு, அதன் பிறகு மூன்று லெவலுக்கு ஒன்று என்று கூடும், ஆகவே 20 பொயின்ட் போட்டால் எட்டுப் பேர். ஸ்கெலிட்டன் மாஸ்டரியிலும் 20 போடுங்கள், அது எலும்பு மந்திரவாதிகளையும் ரிவைவ் மந்திரத்தில் எழும்புகிறவர்களையும் சேர்த்தே பலமாக்கும். மேலே அம்ப்ளிஃபை டேமேஜ் சாபத்தை வீசினால் எதிரியின் உடல் தாக்குதல் எதிர்ப்பு 100 குறைகிறது, எட்டு எலும்புக்கூடும் அடிக்கிற அடி அப்போதுதான் அடியாக விழும். அதற்குப் பிறகு வருவதுதான் இந்தப் பாத்திரத்தின் உயிர்நாடி, கோர்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷன். செத்தவனுக்கு இருந்த உயிரின் அளவை வைத்தே அந்த வெடிப்பின் சேதம் கணக்காகிறது, அதனால் எதிரி எவ்வளவு பலசாலியோ அவன் பிணமும் அவ்வளவு பலமாக வெடிக்கும். ஒருவன் விழுந்தால் போதும், கூட்டமே கலைந்துவிடும். நெக்ரோமேன்சர் என்று எல்லோரும் சொல்வது இதற்காகத்தான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சொல்லாமல் விடுவது என்னவென்றால், இரண்டாம் ஆக்ட் (அத்தியாயம்) கடைசியில் தல் ராஷாவின் கல்லறையில் டியூரியல் என்ற பெரிய எதிரி இருக்கிற அந்தச் சின்ன அறை. அங்கே அவனைத் தவிர வேறு எதிரி கிடையாது. உள்ளே போனதும் உங்கள் ஆட்களை உறையவைத்து மெதுவாக்கி ஒவ்வொருவராக நொறுக்குவான், அவர்கள் விழுந்தால் எழுப்புவதற்கு அந்த அறையில் ஒரு பிணமும் கிடைக்காது. முதல் தடவை நான் அங்கே எட்டுப் பேருடன் போய், கொஞ்ச நேரத்தில் தனியாக நின்றேன். பிறகுதான் வழி பிடிபட்டது: உள்ளே நுழைந்தவுடன் டவுன் போர்ட்டல் (ஊருக்குப் போய்வருகிற மந்திர வாசல்) ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும், களிமண் பூதத்தை முன்னுக்கு விட வேண்டும் (அதற்குப் பிணம் தேவையில்லை, அது அடித்தால் எதிரி மெதுவாவான்), எதிரியைத் தளர்த்துகிற டெக்ரெபிஃபை சாபத்தை டியூரியல்மேல் அணையாமல் வைத்திருக்க வேண்டும், படை கரைந்தால் போர்ட்டலால் வெளியே வந்து வேறு இடத்தில் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். அதே ஆக்டில் புழுக்களின் குகை, அந்த மேகட் லெயர், இன்னொரு தலைவலி. ஆள் ஒருவர் நுழையும் அகலம்தான் பாதை, எட்டுப் பேரும் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி வரிசையில் நிற்பார்கள், முன்னுக்கு நிற்பவர் மட்டும் சண்டை போடுவார்.

ட்ரூயிட்டின் ஓநாய்களுக்கு மனா மட்டும் போதும். டியூரியலின் அறையில் ஓநாய் செத்தால் அந்த இடத்திலேயே திரும்ப அழைக்கலாம், போர்ட்டலும் வேண்டாம், பிணமும் வேண்டாம். ஸ்பிரிட் வுல்ஃப் ஐந்து, டயர் வுல்ஃப் மூன்று, கரடி ஒன்று. மூன்று ஸ்கில்லும் ஒன்றுக்கொன்று உதவி செய்பவை, கரடியில் போடும் பொயின்ட் ஓநாய்களின் அடியையும் கூட்டும். ஓக் சேஜ் என்ற ஆவியை அழைத்து வைத்தால் எல்லோருடைய உயிரும் கூடும். பழைய பதிப்பில் இதற்கு ஒரு பெரிய குறை இருந்தது: ஒருவகையை அழைத்தால் மற்றவகை மறைந்துபோகும், கரடி வந்தால் ஓநாய்கள் இல்லை. ரிசரெக்டட் என்ற புதுப்பித்த பதிப்பில் 2022இல் வந்த 2.4 பட்ச்சுக்கு (கேமில் செய்த திருத்தத்துக்கு)ப் பிறகு மூன்று வகையையும் ஒன்றாக வைத்திருக்கலாம், அதற்குப் பிறகுதான் இந்த பில்ட் தலை நிமிர்ந்தது. ஆனாலும் சாபம் இல்லை, பிண வெடிப்பு இல்லை, கடைசியான ஹெல் கடினநிலையில் பெரிய கூட்டத்தை முடிக்க நெக்ரோமேன்சரைவிட நேரம் எடுக்கும்.

என் முடிவு இதுதான்: பழைய சிடிப் பதிப்பென்றால் நெக்ரோமேன்சர், ரிசரெக்டட் என்றால் உங்கள் ஓநாய்கள். எதை எடுத்தாலும் முதல் கடினநிலையான நோர்மலில் பொயின்ட் பிழையாகப் போட்டுவிட்டோம் என்று பயப்படாதீர்கள், 2010இல் வந்த 1.13 பட்ச்சிலிருந்து ஒவ்வொரு கடினநிலைக்கும் ஒரு தடவை முதல் ஊரில் இருக்கிற அகாரா எல்லாப் பொயின்டையும் திருப்பித் தருவாள்.

*

கேள்வி: டைட்டன் குவெஸ்டில் நேச்சர் எடுத்துவிட்டேன். எட்டாவது லெவலில் இரண்டாவது மாஸ்டரி கேட்கிறது. ஸ்பிரிட், ஏர்த், ட்ரீம் மூன்றில் எது பெட்டுக்கு நல்லது? (கிண்ணியா)

பதில்: உங்களுக்கு முதலில் ஒரு வாழ்த்து, ஏனென்றால் சரியான இடத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். 2006இல் வந்த கேம், பழைய லெப்டொப்பிலும் ஓடும், இணையம் இல்லாமலும் ஓடும், போனிலும் இருக்கிறது. நேச்சரில் மூன்று ஓநாய்கள் வரை வரும், தூரத்திலிருந்து அம்பு விடுகிற சில்வன் நிம்ஃப் வரும், ஹார்ட் ஒஃப் ஓக் எல்லோருடைய உயிரையும் கூட்டும், ரீகுரோத் வைத்து ஓநாய்களுக்கு நீங்களே மருந்து போடலாம். இங்கே பெட்டுக்குப் பிணம் தேவையில்லை, அதற்குப் பதிலாகக் காத்திருக்க வேண்டும்: அழைக்கிற ஸ்கில் ஒவ்வொன்றுக்கும் கூல்டவுன் (திரும்ப அழைக்கும்வரை போக வேண்டிய நேரம்) உண்டு, எனர்ஜியும் நிறையக் குடிக்கும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கிற ரிஃப்ரெஷ் ஸ்கில்லும் நேச்சரிலேயே இருப்பதால்தான் பெட் விளையாடுபவர்கள் நேச்சரை விடமாட்டார்கள்.

இனி இரண்டாவது மாஸ்டரி, அதாவது இரண்டாவது ஸ்கில் தொகுதி, இரண்டும் சேர்ந்தால் பாத்திரத்துக்கு ஒரு பெயர் வரும். ஏர்த் எடுத்தால் நீங்கள் சம்மனர், அங்கே கோர் டுவெல்லர் என்று தடித்த நெருப்புப் பாறை மனிதன் ஒருவன் வருவான். அவன் முன்னுக்கு நின்று அடி வாங்குவான், ஓநாய்கள் பக்கத்தால் கடிக்கும், நிம்ஃப் பின்னால் நின்று எய்யும். ஸ்பிரிட் எடுத்தால் சூத்சேயர், லிச் கிங் வருவான், அவன் தூரத்திலிருந்து மந்திரம் எறிபவன், சேதம் நல்லது, ஆனால் முன்னுக்கு நிற்க ஆள் இல்லை, ஓநாய்களே கேடயமாகவும் நிற்க வேண்டியிருக்கும். அதிலேயே அவுட்சைடர் என்று இன்னொன்று உண்டு, பயங்கரமானது, ஆனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும், அதனால் அதைப் பொஸ்ஸுக்கு, அதாவது பெரிய எதிரிக்கு, என்று ஒதுக்கி வையுங்கள். ட்ரீம் எடுத்தால் ரிச்சுவலிஸ்ட், அதில் வருகிற நைட்மெயார் தன் பார்வையாலேயே எதிரிகளைக் குழப்பும், மற்றப் பெட்களின் தாக்குதலையும் ஏற்றிவிடும். ட்ரீம் 2007இல் வந்த விரிவாக்கத்தில் சேர்ந்தது, 2016இன் அனிவர்சரி பதிப்பில் அது உள்ளேயே இருக்கிறது.

மூன்றிலும் நான் விளையாடியிருக்கிறேன். முதல் தடவை விளையாடுபவருக்கு ஏர்த் என்றுதான் சொல்வேன், முன்னுக்கு நிற்க ஒரு கனமான ஆள் இருந்தால் மற்ற எல்லாப் பிழையையும் அது மறைத்துவிடும். கிரேக்கத்தில் ஸ்பிரிட் வேகமாகப் போகும், நன்றாகவும் இருக்கும், ஆனால் ஒலிம்பஸ் மலையில் டைஃபோன் என்ற பொஸ் முன்னால் நிற்கும்போது ஓநாய்கள் மூன்றும் ஒரே நேரத்தில் விழுந்து, கூல்டவுன் ஓடிக்கொண்டிருக்க, லிச் கிங்கும் நீங்களும் மட்டும் மலை உச்சியில் ஓடித் திரிவது சுகமான அனுபவம் இல்லை. ட்ரீமை இரண்டாவது பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெட் எப்படி நடந்துகொள்ளும் என்று கை பழகிய பிறகு அதுதான் மூன்றிலும் இனிமையானது. மாஸ்டரியை மாற்றுவது கடினம், ஸ்கில் பொயின்டை மிஸ்டிக் என்பவரிடம் தங்கம் கொடுத்துத் திரும்ப வாங்கலாம், ஆகவே ஸ்கில்லில் துணிந்து பரீட்சித்துப் பாருங்கள், மாஸ்டரியில் மட்டும் யோசியுங்கள்.

*

கேள்வி: தம்பி, என் மகன் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்க்கிறேன். நாய்களும் எலும்புக்கூடுகளும் சண்டை போடுகின்றன, இவன் சும்மா நிற்கிறான். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? (நிலாவெளியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஐயா, நியாயமான கேள்வி. விடியற்காலையில் உங்கள் பக்கத்துக் கரையில் கரைவலை இழுப்பதை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, ஒருவர் கயிற்றைத் தொடாமல் நடுவில் நின்று தண்ணீரையும் வலை வருகிற வளைவையும் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் முந்திவிட்டால் மீன் மற்றப் பக்கத்தால் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். மகன் நிற்கிற இடம் அதுதான். எந்த எதிரிமேல் முதலில் சாபம் போடுவது, எந்தப் பெட் சாகப்போகிறது, கூட்டம் எந்த மூலையில் சிக்கியிருக்கிறது, எப்போது எல்லோரையும் பின்னால் இழுப்பது என்று ஒரே நேரத்தில் நாலைந்தைப் பார்க்க வேண்டும். அடுத்த தடவை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இப்போது பின்னால் வந்தாய் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவான்.

எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது வேறு விஷயம், அதை வீட்டில் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

*

கேள்வி: கிரிம் டோனில் நெருப்புச் சேதம் கூட்டுகிற கவசம், மோதிரம் எல்லாம் தேடித் தேடிப் போட்டேன். என் ஹெல்ஹவுண்ட் நெருப்பு நாய்தானே, அதன் அடி கொஞ்சமும் கூடவில்லை. கேமில் பிழையா? (மூதூர்)

பதில்: பிழை இல்லை. இதிலே பாதிப் பேர் விழுந்து எழும்பியிருக்கிறார்கள், நானும் பல நாள் வீணாக்கினேன். அந்த மோதிரம் உங்கள் கைக்குத்தான், நாயின் பல்லுக்கு இல்லை. கிரிம் டோனில் பெட்டுக்குப் போய்ச் சேர்வது 'போனஸ் டு ஓல் பெட்ஸ்' என்ற தலைப்பின் கீழே எழுதியிருக்கிற வரிகள் மட்டும்தான். பொருளை எடுத்ததும் மேலே உள்ள பெரிய எண்களைப் பார்க்காமல் கீழே இறங்கி அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நூறு வீதம் நெருப்புச் சேதம் என்று இருந்து கீழே ஒன்றும் இல்லாவிட்டால், உங்கள் பில்ட்டுக்கு அது வெறும் இரும்பு. டெவோஷன் பொயின்ட் போடுகிற நட்சத்திரக் கூட்டங்களிலும் இதே கதைதான், பெட்டுக்கென்று எழுதியிருப்பதைத் தேடிப் போங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் ஆட்களைக் குழப்புகிறது. ஷாமன் மாஸ்டரியின் விண்ட் டெவில் மாதிரியான சில அழைப்புகள் உங்கள் சொந்தச் சேதத்தையே எடுத்துக்கொள்ளும், பெட் போனஸ் அவற்றுக்குச் சேராது. உங்கள் கட்டளைக்கும் அவை அடங்காது. இரண்டு வகையையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் கவசம் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியாமல் இரண்டும் அரைகுறையாகும்.

ஹெல்ஹவுண்டைத் தருகிற ஒக்கல்டிஸ்ட் மாஸ்டரி உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால் இரண்டாவதாக ஷாமனைச் சேர்த்துக் கொன்ஜரர் ஆகுங்கள். ஹெல்ஹவுண்ட், காயம் ஆற்றுகிற காகம், பிரையார்தோர்ன் மூன்றும் சேர்ந்தால் நாலாவது தேவைப்படாது, பிரையார்தோர்ன் பக்கத்தில் நிற்பவர்களின் அடியையும் ஏற்றிவிடும். 2017இல் வந்த விரிவாக்கத்தின் நெக்ரோமேன்சர் கிடைத்தால் கபலிஸ்ட் ஆகி எலும்புக்கூட்டுக் கூட்டம் வைத்தும் விளையாடலாம், இங்கே அவை எழும்பப் பிணம் தேவையில்லை. எண்ணிக்கை கூட, பார்க்க நல்ல கலகலப்பு, ஆனால் பொஸ் ஒரு பெரிய வீச்சு வீசினால் பாதிப் பேர் போய்விடுவார்கள், திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு மூன்று தடித்த பெட் என்றால் மனநிம்மதி.

பெட் அட்டாக் கட்டளையை ஒரு விசையில் வைத்தீர்களா? இல்லாவிட்டால் இன்றைக்கே வையுங்கள்.

*

கேள்வி: பாத் ஒஃப் எக்ஸைல் இலவசம் என்பதால் எடுத்தேன். இரவில் இணையம் விட்டுவிட்டு வருகிறது, சண்டை நடுவில் நின்றுபோகிறது. பெட் பில்ட் போட்டால் இது குறையுமா? (சாம்பல்தீவு)

பதில்: கொஞ்சம் குறையும். நீங்கள் உறைந்து நிற்கிற நேரத்திலும் பெட்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், தூர நிற்கிற பழக்கமும் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அந்தக் கேம் இணையம் இல்லாமல் ஓடவே ஓடாது. அதிலுள்ள ஸ்பெக்டர் மந்திரம் அருமையான யோசனை, நீங்கள் கொன்ற மிருகத்தின் பிணத்திலிருந்து அதே மிருகத்தை அதன் சக்தியுடன் எழுப்பி வைத்துக்கொள்ளலாம், பிணம் இல்லாத இடத்தில் பிணத்தையே உண்டாக்குகிற டெஸிக்ரேட் மந்திரமும் இருக்கிறது, அதாவது டியூரியல் அறைப் பிரச்சினைக்கு அங்கே பதில் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நல்ல விஷயத்தை விட்டுவிட்டு விளையாடும்போது தொடர்பு அறுந்தால் மனம் சலித்துவிடும்.

காசு கொடுக்க முடிந்தால் லாஸ்ட் எபொக் பாருங்கள். 2024 பெப்ரவரியில் முழுப்பதிப்பாக வந்தது, இணையம் இல்லாமல் விளையாடுகிற வழியும் வைத்திருக்கிறார்கள். அதில் பீஸ்ட்மாஸ்டர் என்ற பாத்திரத்தின் ஓநாய், கரடி எல்லாம் செத்துப் போகாமல் மயங்கி விழும், நீங்கள் போய்ப் பக்கத்தில் நின்றால் எழும்பிவிடும். பொஸ்ஸின் காலடியில் விழுந்த ஓநாயை எழுப்ப, நீங்களே அடி விழுகிற இடத்துக்குள் போய் நிற்க வேண்டும். மற்றக் கேம்களில் பின்னால் நின்று பழகியவருக்கு முதலில் கை நடுங்கும், எனக்கு நடுங்கியது. அதே கேமின் நெக்ரோமேன்சரிடம் ரெய்த் என்ற பேய்கள் உண்டு, அவை அடி விழாவிட்டாலும் தாமாகவே உயிர் கரைந்து போய்க்கொண்டிருக்கும், அழைத்தபடியே ஓட வேண்டும். நின்று நிதானமாக விளையாடுபவர் என்றால் ரெய்த் பக்கம் போகாதீர்கள், எலும்புக்கூடும் பூதமும் வையுங்கள்.

*

கேள்வி: டயாப்லோ 2 ரிசரெக்டடில் இரும்புப் பூதத்தை எந்தப் பொருளில் எழுப்புவது? நல்ல கோடரி ஒன்று கிடைத்திருக்கிறது, போட மனம் வரவில்லை. (தம்பலகாமம்)

பதில்: மனம் வராவிட்டால் போடாதீர்கள், நெக்ரோமேன்சரின் இரும்புப் பூதம் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டுதான் எழும்பும், பூதம் செத்தால் கோடரியும் போய்விடும், திரும்பக் கிடைக்காது. பொருளின் சேத எண் எவ்வளவு என்பதைவிட அதில் ஓரா (பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பலன் தருகிற மந்திர வட்டம்) இருக்கிறதா என்பதைப் பாருங்கள், ஏனென்றால் பொருளின் குணம் அப்படியே பூதத்துக்கு வரும். இன்சைட் ரூன்வேர்டைத்தான் (ஆயுதத்தின் துளைகளில் ரூன் கற்களை வரிசையாகப் பதித்துச் செய்வது) நான் சொல்வேன். நாலு துளை உள்ள ஒரு நீளக்கோல் ஆயுதம், ரால், டிர், டால், சோல் என்ற நாலு ரூன், எல்லாமே சாதாரணமாகக் கிடைப்பவை. அதில் மெடிட்டேஷன் ஓரா இருக்கிறது, பூதம் பக்கத்தில் நிற்கும்வரை உங்கள் மனா ஊற்று மாதிரி ஊறிக்கொண்டே இருக்கும், சாபமும் பிண வெடிப்பும் கணக்குப் பார்க்காமல் வீசலாம். கூலி வீரனுக்கு இன்சைட் கொடுக்கிற வழக்கம் உண்டு, பூதத்திடம் இருந்தால் அவன் கைக்கு வேறு நல்ல ஆயுதம் கொடுக்கலாம்.

டியூரியலுக்கு முன்னால் மட்டும் இரும்புப் பூதத்தை எழுப்ப வேண்டாம், அங்கே களிமண் போதும். ஒரே நேரத்தில் ஒரு பூதம்தான் வைத்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள், கை தவறிக் களிமண்ணை அழைத்தால் இரும்பு போய்விடும், அந்த விசையைத் தூர மாற்றி வையுங்கள். இரண்டாவது இன்சைட் ஒன்றைச் செய்து பெட்டிக்குள் வைத்த பிறகு முதலாவதைத் தரையில் போடுங்கள்.